திருப்போரூருக்கும் திருத்தணிக்கும் நடுவே ஒரு குன்று





மன அமைதிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். விடியற்காலையில் எழுந்திரு, தியானம் பண்ணு, செல்போனைத் தள்ளி வை. நானும் அப்படிப்பட்ட செய்திகளைப் படித்து, உடனே பத்து பேருக்கு அனுப்பிவிட்டு, ஒன்றைக்கூடச் செய்யாமல் இருந்தவன்தான். அதனால் இன்றைக்கு உபதேசம் கிடையாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம், அதையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

எனக்கு வீடு ஐயப்பன்தாங்கல். சென்னை என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, அரசாங்கக் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் ஒன்றியம். தாங்கல் என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன ஏரி. மழைத் தண்ணீர் ஒரேயடியாக ஓடிப் போய்விடாமல் கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போகிற இடம். இப்போது எங்கள் ஊரில் நிற்பது வண்டிகள்தான். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், உதிரிபாகம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் கணக்குப் பிரிவு. தூரம் என்னவோ பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர்தான். ஆனால் மெட்ரோ ரயில் வேலைக்காக மவுண்ட்-பூந்தமல்லி சாலையின் நடுவில் தகரம் அடித்திருந்த வருஷங்களில், பைபாஸை விட்டு இறங்கியதிலிருந்து வீடு வரைக்கும் போகிற நேரத்தைக் கணக்குப் பிள்ளையான என்னாலேயே கணக்குப் போட முடியாது.

கணக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு மாசத்தில் இரண்டு தேதி கழுத்தில் கத்தி. 11-ம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-ம் தேதி இன்னொன்று. 2022 ஜூலை 20-ம் தேதி நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்கு ஒரு சப்ளையர் பில் ஏற்றவே இல்லை. முதலாளி என்னைக் கேட்கிறார், நான் அவனைக் கேட்கிறேன், அவன் போனை எடுக்கவில்லை. ஒருவழியாக முடித்து ஏழரைக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்போது அவருக்கு 78 வயது. காதில் மெஷின் வைத்திருக்கிறார். அதற்குப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. ஒரு வாரம், பத்து நாள் வரும். அது தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தினமும் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் தினமும் மறந்துகொண்டிருந்தேன்.

"பேட்டரி வாங்கிட்டு வந்தியாப்பா?"

அவ்வளவுதான் கேட்டார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத எனக்கு வாய் வரவில்லை. தெருவில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிப்பா, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு நான் சொன்ன ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. மெஷின்தான் ஓடவில்லையே. முகம் மட்டும் தெரிந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் சாப்பாடு இறங்காது.

அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான். ராத்திரி என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்குத் தெரியுமா? உங்க வண்டி சத்தம் கேட்டா பாப்பா டிவியை நிறுத்திடறா. இன்னைக்கு மட்டும் இல்லை, ரொம்ப நாளாவே." நான் வீட்டுக்குள் வரும்போது எப்போதும் வீடு அமைதியாக இருக்கும். பிள்ளை படிக்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்துப் பயந்த அமைதி.

மறுநாள் தெரு முனையில் இருக்கிற கிளினிக்கில் பிரஷர் பார்த்தேன். 150-க்கு 100. டாக்டர் இன்னும் இரண்டு தடவை வேறு வேறு நாளில் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். கடைசியில், "டென்ஷன் ஆகாதீங்க" என்றார். எல்லா டாக்டரும் சொல்கிற வார்த்தை. எப்படி ஆகாமல் இருப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் அடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு குன்றத்தூர் போனேன். மன்னிப்பு கேட்க வேறு வழி தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். காதில் புது பேட்டரி.

குன்றத்தூர் மலையில் 84 படி. வண்டி போகிற பாதையும் உண்டு, ஆனால் அப்பா படியில்தான் ஏறுவேன் என்றார். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டோம். அங்கே வைத்துத்தான் அவர் இந்தத் தலத்தின் கதையைச் சொன்னார். நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

முருகன் அசுரர்களோடு மூன்று இடத்தில் போர் செய்ததாக நம் பெரியவர்கள் சொல்வார்கள். திருச்செந்தூரில் கடலில், திருப்பரங்குன்றத்தில் நிலத்தில், திருப்போரூரில் விண்ணில். (எங்கள் பக்கத்துப் போரூர் இல்லை, பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் இருக்கிற திருப்போரூர்.) அங்கே தாரகாசுரனோடு போர் முடிந்தது. வெற்றியும் கிடைத்துவிட்டது. அப்புறம் சுவாமி எங்கே போகிறார்? சினம் தணிவதற்காகத் திருத்தணிக்குப் போகிறார். செரு என்றால் போர்; அந்தப் போர்ச் சினம் தணிந்த இடம் செருத்தணி, அதுவே திருத்தணி ஆயிற்று என்பார்கள். கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் எல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும்போது, திருத்தணியில் மட்டும் அது கிடையாது. அங்கே சுவாமிக்குப் பூச்சொரிந்து புஷ்பாஞ்சலிதான். கோபம் முடிந்துபோன ஊரில் எதற்கு மறுபடியும் போர் என்பதாக இருக்கும்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா அழுத்திச் சொன்னது அதற்கு நடுவில் இருக்கிற சங்கதியை. திருப்போரூரிலிருந்து திருத்தணிக்கு நேராகப் போகவில்லை. வழியில் இந்தக் குன்றில் தங்கினார். சிவபெருமானை லிங்கமாக வைத்து வழிபட்டார். அந்தக் கந்தழீஸ்வரர் கோயில் இந்த ஊரிலேயே இருக்கிறது. வழிபட்டு, மனம் ஆறி, அப்புறம்தான் தணிகைக்குக் கிளம்பினார். இங்கே மூலவர் வடக்கு பார்த்து நிற்கிறார். இந்தக் குன்றைத் தென் தணிகை என்றும் சொல்வது வழக்கம்.

"சாமிக்கே நேரா வீட்டுக்குப் போக முடியலப்பா. நடுவுல ஒரு எடத்துல உக்காந்துட்டுத்தான் போயிருக்காரு."

அப்பா அவ்வளவுதான் சொன்னார். என்னைக் குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சப் படியை ஏறினார். மேலே கருவறைக்கு முன்னால் ஒரு பக்கம் நின்றால் வள்ளி மட்டும் தெரிவாள், மறுபக்கம் நின்றால் தெய்வானை மட்டும் தெரிவாள். அந்த விசேஷத்தை முதல் தடவை வந்த குழந்தை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒவ்வொரு நாளும் அம்பத்தூர் போரிலிருந்து, அந்தச் சூட்டோடு, நேராக வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் குன்று இல்லை.

இதில் உடம்பின் கணக்கும் ஒன்று இருக்கிறது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1915-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் உடம்பு 'சண்டை போடு, இல்லாவிட்டால் ஓடு' என்ற நிலைக்குப் போய்விடும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும், தசையெல்லாம் இறுகும். புலி வந்தால் இது நல்லது. ஆனால் உடம்புக்குப் புலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் ஒன்றுதான், பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்னொன்றும் கவனியுங்கள். அட்ரினலின் சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். அதன் பின்னால் வருகிற கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் அப்படி இல்லை. சிக்கல் ஆரம்பித்து இருபது, முப்பது நிமிடம் கழித்துத்தான் அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அது இறங்க இன்னும் நேரம் ஆகும். அதாவது, பைபாஸில் ஒருத்தன் குறுக்கே வந்து திட்டிவிட்டுப் போயிருப்பான். நாம் அதை மறந்தே போயிருப்போம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது உடம்பு அவனோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மேல் அது விழும். நம்மிடம் திருப்பி அடிக்காதவர்கள்தான் பெரும்பாலும் எதிரில் நிற்பார்கள்.

குன்றத்தூருக்குத் தினமும் போக முடியுமா? முடியாது. அதனால் என் குன்றை வழியிலேயே தேடினேன். எங்கள் பஸ் டிப்போவுக்குக் கொஞ்சம் தள்ளி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற இடத்தில் ஒரு புங்க மரம். வீட்டுக்கு இரண்டு நிமிட தூரம். அதன் கீழே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, போனை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, பத்து நிமிடம் சும்மா நிற்பது என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம் படு தோல்வி. முதல் நாள் கொசு. இரண்டாம் நாள் பூட்டி வைத்த போன் உள்ளேயிருந்து அடித்தது, எடுக்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்காரர் வந்து, "சார், யாருக்காவது வெயிட் பண்றீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார். சும்மா நிற்கிறேன் என்றால் நம்ப மாட்டார் என்று பெட்ரோல் தீர்ந்துவிட்டதாகப் பொய் சொன்னேன். பாவம், அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்! சும்மா நிற்பது இந்த ஊரில் அவ்வளவு சுலபமில்லை. உண்மையில் கஷ்டம் வேறு. சும்மா நின்றால் மனசு சும்மா நிற்காது. ஆபீஸில் யார் என்ன சொன்னார்கள், அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மொத்த சண்டையையும் இரண்டாம் தடவை போட்டு முடித்து, இன்னும் சூடாக வீட்டுக்குப் போனேன்.

அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இத்தாலியின் பாவியா நகரத்து டாக்டர் லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவும் செய்தது. ஆரோக்கியமான 23 பேரைக் கிறிஸ்தவர்களின் ஜெபமாலைப் பிரார்த்தனையையும், பௌத்தர்களின் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்ல வைத்து, மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் அளந்தார்கள். இரண்டு மதம், இரண்டு மொழி. ஆனால் இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. சாதாரணமாக நாம் விடுவது பன்னிரண்டு முதல் இருபது. மூச்சு அப்படி இறங்கியபோது, ரத்த அழுத்தத்தைச் சமன்படுத்திக்கொள்கிற உடம்பின் சொந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. சின்ன ஆய்வுதான். இதை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது கிளம்பினால் அதற்கு நான் பொறுப்பில்லை. நான் இன்றும் காலையில் மாத்திரை போடுகிறேன். ஆனால் நம் பாட்டிமார்கள் விளக்கேற்றி உட்கார்ந்து நீளமாக ஏதாவது சொல்லிக்கொண்டிருந்ததில் மூச்சுக்கு ஒரு வேலை இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

நான் செய்வது இதுதான். மனசுக்குள் நாலு எண்ணிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கிறேன். வெளியே விடும்போது ச-ர-வ-ண-ப-வ என்று ஆறெழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு விநாடி. நாலும் ஆறும் பத்து விநாடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடத்துக்கு முப்பது மூச்சு. (ஆறு என்றதும் நமக்கு வேறு நினைவு வரும். எனக்கும் வந்தது. கணக்கு தற்செயலாகப் பொருந்தியதுதான், அதில் மர்மம் எதுவும் தேட வேண்டாம். ஆனால் மறக்காமல் இருக்க அது உதவியது.) இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மூச்சுத் தொந்தரவு, இதயத் தொந்தரவு இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது கண்டிப்பாக வேண்டாம்.

மனசு ஓடும். ஓடட்டும். அது ஓடிவிட்டது என்று தெரிந்ததும் 'ச'விலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். சில நாள் முப்பது மூச்சில் இருபது தடவை மறுபடி ஆரம்பிப்பேன். பரவாயில்லை. அம்பத்தூரைப் பற்றி யோசிக்கிற ஆள் இப்போது ஐயப்பன்தாங்கலில் நிற்கிறான் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குத் தெரிகிறது. தோள் இறங்கும். தாடை தளரும். மரத்தடியில் பூ விழுந்து கிடப்பது கண்ணில் படும். நாலு மாசம் அந்த மரத்தடியில் நின்ற பிறகுதான் அதற்குப் பின்னால் ஒரு தையல் கடை இருப்பதே எனக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டு அடி

இதற்கும் அப்பாதான் காரணம். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி மதகைத் திறப்பது, மூடுவது, கரையைப் பார்த்துக்கொள்வது. எங்களுக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் என்ன ஆயிற்று என்று உங்களில் பலர் மாடியில் நின்று பார்த்திருப்பீர்கள். 2020 நவம்பர் 25-ம் தேதி நிவர் புயல் வந்தபோது வேறு மாதிரி செய்தார்கள். தண்ணீர் 22 அடியைத் தொட்டபோதே, முதலில் விநாடிக்கு 1,000 கன அடி என்று திறந்துவிட்டார்கள். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அப்பா சொன்னது எனக்கு ரொம்ப நாள் கழித்து ஞாபகம் வந்தது.

"நெறஞ்ச அப்புறம் தொறக்கறது வேலை இல்லப்பா. அது தானா தொறந்துக்கும். நெறையறதுக்கு முன்னாடி தொறக்கணும், அதான் வேலை."

என்னுடைய 22 அடி எது என்று கவனிக்க ஆரம்பித்தேன். கோபம் வந்த பிறகு மூச்சை எண்ணுவது ஆகாத காரியம். அப்போது எண்ணுகிற ஆளே உள்ளே இருக்க மாட்டான். அதற்கு முன்னாலேயே சில அடையாளங்கள் வரும். எனக்கு மூன்று. சிக்னல் பச்சை ஆவதற்கு முன்பே ஹாரன் அடிப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், அது தெரியவே தெரியாது, காதுக்குக் கீழே வலித்தால்தான் தெரியும். மூன்றாவது, போனை எடுத்தவுடன் அந்தப் பக்கம் யார் என்று பார்க்காமலே "ம், சொல்லு" என்பேன். ஒருநாள் முதலாளியிடமே சொல்லிவிட்டேன்! இந்த மூன்றில் ஒன்று வந்தாலே மதகைத் திறக்கிற நேரம். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆறு மூச்சு, ஒரு நிமிடம். கம்ப்யூட்டர் ரிட்டர்னை ஏற்றுவதற்குச் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். உங்களுடைய அடையாளம் வேறாக இருக்கும். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள். உடனே சொல்லிவிடுவார்கள்.

மனைவி கேட்ட கேள்வி

ஆறு மாசம் ஆனது. நான் பெரிய சாதனை பண்ணிவிட்ட மாதிரி ஒருநாள் வீட்டில் இந்தக் குன்றுக் கதையை எடுத்தேன். போருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும் என்று நீட்டி முழக்கிச் சொன்னேன். மனைவி தோசை திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"நல்லா இருக்குங்க. உங்களுக்கு நடுவுல ஒரு மரம் இருக்கு. எனக்கு?"

அவள் வீட்டு ஹாலில் டியூஷன் எடுக்கிறாள். பதினைந்து பிள்ளைகள். ஏழரைக்கு டியூஷன் முடியும். ஏழு முப்பத்தொன்றுக்குச் சமையல். ஆபீஸ் முடிகிற இடமும் வீடு ஆரம்பிக்கிற இடமும் அவளுக்கு ஒரே ஹால், நடுவில் ஒரு பாய் மடிக்கிற நேரம். "மாங்காடு அம்மன் மாதிரி ஒத்தக்கால்ல நெருப்புல நிக்கிறேன். அவங்களாவது தவம் முடிஞ்சு கல்யாணத்துக்குப் போனாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். மன அமைதி பற்றிச் சொல்லப்படுகிற பாதி யோசனைகள், நமக்காக வேறு யாரோ அடுப்படியில் நிற்கிறார்கள் என்ற தைரியத்தில் சொல்லப்படுகிறவை. நான் மரத்தடியில் நின்ற பத்து நிமிடத்துக்கு அவள் விலை கொடுத்துக்கொண்டிருந்தாள். இதை நான் ஆறு மாசம் பார்க்கவில்லை. ஜபமெல்லாம் பண்ணிக்கொண்டுதான் பார்க்கவில்லை.

சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர் என்று உங்களுக்குத் தெரியும். சோழ அரசரிடம் அமைச்சராக இருந்துகொண்டே பெரியபுராணம் மாதிரி ஒரு பெரிய நூலை அவர் நினைத்தார், எழுதினார். வேலைப்பளு என்றால் அவருக்கு இல்லாத வேலைப்பளுவா என்று நான் முன்பெல்லாம் பிறருக்கு உதாரணம் காட்டுவேன். இப்போது அந்த உதாரணத்தைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அமைச்சர் வீட்டில் அரிசி களைந்தவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் வந்து கைகால் கழுவியதும் அடுப்பு என் பொறுப்பு. எனக்குத் தெரிந்தது தோசை, உப்புமா, ரசம். அதுவே சுற்றிச் சுற்றி வரும். அந்த அரை மணி நேரம் அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். முதல் நாள் என்ன செய்தாய், மூச்சை எண்ணினாயா என்று ஆர்வமாகக் கேட்டேன். "ஒண்ணும் பண்ணல. தண்ணி டேங்க் மேல சாய்ஞ்சு பிளேன் எறங்கறதப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களைச் சொல்கிறாள். மொத்தம் எத்தனை என்றுகூட எண்ணவில்லையாம். எனக்கு நாலும் ஆறும் தேவைப்பட்டது, அவளுக்கு யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் போதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் அவள் தனியாகக் குன்றத்தூர் போய்விட்டு வருகிறாள். எனக்குத் தெரிந்து சாமியிடம் எதுவும் வேண்டிக்கொள்வதில்லை. படியில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிரஷர் இப்போது 130-க்கு 85 பக்கம் நிற்கிறது. அதில் மாத்திரைக்கு எவ்வளவு, உப்புக்கு எவ்வளவு, மரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. போன வருஷம் மார்ச்சில், கணக்கு முடிக்கிற வாரத்தில், இரண்டு நாள் மரத்தடியில் நிற்காமல் நேராக வீட்டுக்குப் போனேன். இரண்டாம் நாளே பாப்பாவிடம் கத்திவிட்டேன், ஒரு செருப்பை வழியில் விட்டதற்காக. அப்புறம் அவளிடம் மன்னிப்பு கேட்டேன். அவள் பத்தாவது படிக்கும் பெண்ணின் குரலில், "பரவால்லப்பா, மரத்துக்குப் போயிட்டு வாங்க" என்றாள். இப்போது அது எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையாகிவிட்டது. யார் முகம் கடுகடுவென்று இருந்தாலும், "மரத்துக்குப் போயிட்டு வா" என்கிறோம். அப்பாகூட ஒருநாள் கிரிக்கெட் பார்த்துக் கோபப்பட்டு, தானே எழுந்து வாசலுக்குப் போய் நின்றார்.

போன மாசம் 20-ம் தேதி. இந்தத் தடவையும் ஒரு சப்ளையர் பில் ஏற்றவில்லை. வீட்டுக்கு வரும்போது ஒன்பது தாண்டிவிட்டது. மரத்தடியில் முப்பது மூச்சு முடித்து, கடைக்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு (அவர் இப்போது பெட்ரோல் பாட்டிலை எடுப்பதில்லை), வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே டிவி சத்தம் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. அப்பா வாசலுக்கு வந்தார்.

"பேட்டரி வாங்கிட்டு வந்தியாப்பா?"

சீட்டைத் திறந்தேன். போன் பக்கத்தில் இரண்டு அட்டை இருந்தது.

முருகா சரணம்!